டிடிபி ஃபைல்களை வெப்சைட்டுக்கு ஏத்தறது: மெர்ஜ் கடைசில தான்

அச்சுக்குப் போன பழைய புத்தகமோ பத்திரிகையோ வெப்சைட்ல ஏத்தணும்னு ஒரு வேலை வந்தா, கைல ஒரு ஹார்ட் டிஸ்க் வரும், அதுக்குள்ள நூறு இருநூறு ஃபைல் கிடக்கும், உடனே எல்லாருக்கும் தோணற முதல் யோசனை "எல்லாத்தையும் ஒரே வேர்ட் ஃபைல்ல கொட்டிடலாம், அப்புறம் மொத்தமா கிளீன் பண்ணிக்கலாம்"ங்கறது தான். கேக்க நல்லா தான் இருக்கு, ஒரே தடவை ஃபைண்ட் ரிப்ளேஸ் போட்டா முடிஞ்சது பாருங்க. ஆனா டிடிபி ஃபைல் (அச்சுக்காகக் கம்ப்யூட்டர்ல பக்கம் அமைச்ச ஃபைல்) விஷயத்துல இது அப்படியே தலைகீழ். முதல்ல பேரு, அப்புறம் எழுத்தை யூனிகோடுக்கு (எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி படிக்கற பொது எழுத்துமுறை) மாத்தறது, அப்புறம் சரிபார்க்கறது, இதெல்லாம் முடிஞ்சு கடைசில தான் மெர்ஜ், அதாவது ஒண்ணா சேர்க்கறது. ஏன்னா ஒரு ஃபைல் தனியா இருக்கற வரைக்கும் அது எந்த இதழ், எந்த ஃபான்ட்ல அடிச்சது, எத்தனாவது கரெக்ஷன்ங்கறதெல்லாம் அந்த ஃபைலோடவே ஒட்டிக்கிட்டு இருக்கு. சேர்த்த நிமிஷமே அதெல்லாம் போச்சு. அதுக்கப்புறம் எந்த பாரா எங்க இருந்து வந்ததுன்னு தேடிக்கிட்டு உட்கார்றதுக்கு முதல்ல இருந்து ஆரம்பிச்சுடலாம்.

சரி, என்னென்ன ஃபைல் வரும்? பேஜ்மேக்கர் ஃபைல், இன்டிசைன் ஃபைல் (ரெண்டும் அடோபியோட பக்கம் அமைக்கற சாஃப்ட்வேர்), பிரஸ்ஸுக்கு அனுப்பின பிடிஎஃப், எழுத்தாளர் முதல்ல குடுத்த வேர்ட் ஃபைல், நடுவுல யாரோ ஒரு பக்கத்தை மட்டும் திருத்தி அனுப்பின தனி ஃபைல். இதுல பேஜ்மேக்கர் தான் அவசரம். 2001ல வந்த 7.0 தான் அதோட கடைசி வெர்ஷன், அதோட அடோபி நிறுத்திட்டாங்க. இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் 6.0ல இருந்து வந்த ஃபைலைத் திறக்கும், அதுக்கப்புறம் வந்த சிசி வெர்ஷன்கள் திறக்காது. அதனால எங்கேயாவது பழைய மெஷின்ல சிஎஸ்6 ஓடிக்கிட்டு இருந்தா அதை ஃபார்மட் பண்ணாம வெச்சிருங்க, எல்லா பேஜ்மேக்கர் ஃபைலையும் அதுல திறந்து ஐடிஎம்எல்லா சேவ் பண்ணி வெச்சுக்கறது தான் முதல் வேலை. ஐடிஎம்எல்னா உள்ள எக்ஸ்எம்எல் தான், ஜிப் மாதிரி பிரிச்சே பாக்கலாம், நாளைக்கு இன்டிசைனே இல்லாட்டியும் டெக்ஸ்டை எடுத்துடலாம்.

பேரு மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், ஒரிஜினல் ஃபைல்களோட பேரைத் தொடாதீங்க. இன்டிசைன் ஃபைலுக்குள்ள படங்கள் எல்லாம் லிங்க்கா தான் இருக்கும், படத்தோட பேரை வெளில மாத்தினா உள்ள சிவப்பு கேள்விக்குறி வந்துடும். அத்தியாயம் அத்தியாயமா பிரிச்சு புக் ஃபைல் போட்டு வெச்சிருந்தா இன்னும் மோசம், எக்ஸ்ப்ளோரர்ல போய் ஒரு அத்தியாயத்தோட பேரை மாத்தினா புக் பேனல்ல அது காணாமப் போயிடும். ஒரிஜினல் ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுத்து ரீட் ஒன்லி ஆக்கிட்டு, அதுல இருந்து எக்ஸ்போர்ட் பண்ணி வெளில வர்ற ஃபைலுக்கு மட்டும் புதுப் பேரு வைங்க. பழைய பேரு என்னங்கறது ஒரு ஷீட்ல இருக்கட்டும், அந்த ஷீட் பத்தி கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

இப்ப பேரு. வெப்புக்குப் போற ஃபைல் பேருல எனக்கு முக்கியம் நம்பர் தான், தலைப்பு இல்ல. தலைப்பு மாறும், ஸ்பெல்லிங் மாறும், ரெண்டு கதைக்கு ஒரே தலைப்பு இருக்கும். நம்பர் மாறாது. பத்திரிகைன்னா முன்னாடி வருஷம், மாசம், அப்புறம் அந்த இதழுக்குள்ள எத்தனாவது. உதாரணமா 2009-03-040. தேதி எழுதற ஐஎஸ்ஓ 8601 முறையும் இப்படித் தான், வருஷம் முதல்ல, நாள் கடைசில, நடுவுல கோடு, இதுல ஒரு சௌகரியம் என்னன்னா பேரு வரிசைல அடுக்கினாலே காலவரிசைல அடுக்கின மாதிரி ஆயிடும். மாசப் பேரை இங்கிலீஷ் எழுத்துல போட்டா ஏப்ரல் முதல்ல வந்து ஜனவரி நடுவுல எங்கயோ நிக்கும்.

சைபர் போடறதை நிறைய பேர் அலட்சியமா விடுவாங்க. 1, 2, 3ன்னு பேரு வெச்சு விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்ல பாத்தா 1, 2, 3, ... 10, 11னு அழகா வரிசையா தெரியும், அதுக்குக் காரணம் எக்ஸ்ப்ளோரர் நம்பரை நம்பராவே படிச்சு அடுக்கறது. அதே ஃபோல்டரை கமாண்ட் லைன்ல ஒரு மெர்ஜ் கமாண்டுக்குக் குடுத்தா அது எழுத்து எழுத்தா தான் பாக்கும், 1, 10, 11, 12, 2ன்னு சேர்த்து வெச்சிடும். பத்தாவது அத்தியாயம் ரெண்டாவது அத்தியாயமா வந்து உட்கார்ந்திருக்கும், முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பாத்துட்டு ஓகே சொல்றவங்களுக்கு இது தெரியவே தெரியாது. அதனால 001, 002ன்னு மூணு இலக்கம். நான் இன்னும் ஒரு படி போய் 010, 020, 030ன்னு பத்து பத்தா விட்டு தான் வெப்பேன், ஏன்னா கடைசி நிமிஷத்துல "முன்னுரை ரெண்டு இருக்கே, ஒண்ணு விட்டுப்போச்சே"ன்னு யாராவது வருவாங்க, அப்ப 015ன்னு நடுவுல சொருகிட்டு போயிடலாம், எல்லா ஃபைலையும் மறுபடி ரீநேம் பண்ணத் தேவையில்ல.

அடுத்தது தமிழ்ல ஃபைல் பேரு வைக்கலாமாங்கற கேள்வி. எனக்கும் ஆசை தான். ஆனா இந்த வேலைக்கு வேணாம்னு சொல்லுவேன், காரணம் இருக்கு. யூனிகோடைச் சேமிக்கற யூடிஎஃப்-8 முறைல ஒரு தமிழ் குறியீட்டுக்கு மூணு பைட். மெய்க்கு ஒண்ணு, புள்ளிக்கு ஒண்ணு, கொம்புக்கு ஒண்ணுன்னு தனித்தனியா எண்ணணும். வெப் சர்வர் பெரும்பாலும் ஓடற லினக்ஸ்ல ஃபைல் பேருக்கு 255 பைட் தான் எல்லை, அப்ப 85 குறியீடு, அது நம்ம கண்ணுக்கு ஏறக்குறைய அம்பது எழுத்து. கட்டுரைத் தலைப்பை அப்படியே பேரா வெச்சா சில சமயம் தாண்டிடும், சர்வர்ல போய் அன்ஜிப் பண்ணும்போது அந்த ஒரு ஃபைல் மட்டும் வராது. இது கூட பரவால்ல. பழைய மேக் மெஷின்ல இருந்து வந்த ஃபைல்ல இன்னொரு கூத்து இருக்கு. அந்தக் காலத்து மேக் ஃபைல் சிஸ்டம் பேருல இருக்கற ஒகர, ஓகார, ஔகாரக் குறியை எல்லாம் ரெண்டு துண்டா பிரிச்சு தான் சேமிக்கும். "கொடி"ன்னு நீங்க வெச்ச பேரு அதுக்குள்ள க, ஒற்றைக் கொம்பு, கால், டி. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு தான், ஆனா ஷீட்ல இருக்கற பேரையும் ஃபோல்டர்ல இருக்கற பேரையும் ஸ்கிரிப்ட் (சின்ன புரோகிராம்) ஒப்பிட்டுப் பாத்தா "இந்த ஃபைல் இல்லை"ன்னு சொல்லும். கண்ணு முன்னாடி இருக்கற ஃபைலை இல்லைன்னு சொன்னா யாருக்கு தான் கோவம் வராது.

அதனால ஃபைல் பேரு மட்டும் இங்கிலீஷ் சின்ன எழுத்து, நம்பர், நடுக்கோடு, இது மூணும் போதும். சின்ன எழுத்துன்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா விண்டோஸ்ல பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணு, பெரும்பாலான வெப் சர்வர்ல வேற வேற. நம்ம மெஷின்ல தெரிஞ்ச படம் சர்வர்ல தெரியலேன்னா பாதி நேரம் காரணம் இது தான், ஃபைலோட எக்ஸ்டென்ஷன் பெரிய எழுத்துல இருக்கும். ஸ்பேஸ் விட்டா அட்ரஸ்ல %20ன்னு ஆகும், அடைப்புக்குறி, கமா, ஆம்பர்சாண்ட் எல்லாம் எங்கயாவது ஒரு இடத்துல உதைக்கும். ஒரு சின்ன வேடிக்கை: காண்டென்ட்ஸ் பக்கத்துக்கு சுருக்கமா சி, ஓ, என்னு மூணு எழுத்துல பேரு வெக்கப் பாத்தா விண்டோஸ் விடவே விடாது, டாஸ் காலத்துல இருந்து அது கன்சோலுக்கு ஒதுக்கின பேரு. நானும் ஒரு டிடிபி அக்காவும் இதைப் பத்தி பேசிக்கிட்டு இருந்தப்ப "அதனால தான் அந்த ஃபைலுக்கு மட்டும் இன்டெக்ஸ்னு வெச்சேன் தம்பி, ஏன் வரலேன்னு இன்னி வரைக்கும் தெரியாது"ன்னாங்க.

நம்பரோட கூட ஒரு சின்ன சொல் சேர்த்துக்கலாம், மனுஷன் படிக்கறதுக்கு. ஆனா தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதும்போது ழ-வுக்கு ஒருத்தர் ஒரு மாதிரி போடுவாங்க, நெடிலுக்கு ஒருத்தர் ரெண்டு எழுத்து போடுவாங்க, ஒருத்தர் ஒண்ணோட விட்டுடுவாங்க. அதனால அந்தச் சொல்லை நம்பி எதையும் தேடக் கூடாது, தேடறது ஒப்பிடறது எல்லாம் நம்பரை வெச்சு தான்.

அந்த ஷீட். ஒரு ஃபைலுக்கு ஒரு வரி. புது நம்பர், பழைய ஃபைல் பேரு, தமிழ்த் தலைப்பு, எழுதினவர், ஃபான்ட், எத்தனை வார்த்தை, எந்த நிலைல இருக்கு. எக்செல்ல தான் எல்லாரும் போடுவாங்க, போடுங்க, ஆனா நம்பர் காலத்தை, அதாவது அந்த நெடுவரிசையை, முதல்லயே டெக்ஸ்ட்னு மாத்திடுங்க, இல்லேன்னா 010ஐ 10ன்னு ஆக்கிடும், 3-4ன்னு அடிச்சா தேதின்னு நெனச்சு மாசப் பேரு போட்டுடும். சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட்) சேவ் பண்ணும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8னு தனியா ஒண்ணு இருக்கும், அதைத் தான் எடுக்கணும், சும்மா சிஎஸ்வின்னு எடுத்தா தமிழ் எல்லாம் கேள்விக்குறியா வரும். கேள்விக்குறியா ஆனதைத் திரும்ப தமிழா ஆக்க எந்த மந்திரமும் இல்ல.

இப்ப டெக்ஸ்டை வெளில எடுக்கறது. இன்டிசைன்ல எக்ஸ்போர்ட் குடுத்தா கர்சர் நிக்கற ஸ்டோரி (ஒண்ணோட ஒண்ணு லிங்க் ஆன ஃபிரேம்கள்ல, அதாவது டெக்ஸ்ட் பெட்டிகள்ல, ஓடற டெக்ஸ்ட்) மட்டும் தான் வெளில வரும், பக்கத்துல இருக்கற பெட்டிச் செய்தி, படக்குறிப்பு, எழுதினவர் பேரு போட்ட தனி பாக்ஸ் எதுவும் வராது. கட்டுரையே ரெண்டு ஃபிரேம்ல ஓடி, ரெண்டும் லிங்க் ஆகாம தனித்தனியா வெட்டி ஒட்டியிருந்தா பாதிக் கட்டுரை தான் கிடைக்கும். இன்டிசைனோட கூடவே வர்ற சாம்பிள் ஸ்கிரிப்ட்கள்ல எக்ஸ்போர்ட் ஆல் ஸ்டோரீஸ்னு ஒண்ணு இருக்கு, அது எல்லா ஸ்டோரியையும் தனித்தனி ஃபைலா ஒரு ஃபோல்டர்ல கொட்டும். நல்ல ஸ்கிரிப்ட், ஆனா அது வைக்கற பேரு ஸ்டோரி ஐடின்னு ஒரு நம்பர், அந்த நம்பருக்கும் பக்க வரிசைக்கும் சம்பந்தமே கிடையாது. கடைசியா சேர்த்த முதல் பக்கத்துக்குப் பெரிய நம்பர் இருக்கும். அதனால இந்த இடத்துல பிடிஎஃப்பைப் பக்கத்துல திறந்து வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா நம்பர் போடணும், இதுக்கு ஷார்ட்கட் இல்ல. ஆடியோ ஏதாவது கேட்டுக்கிட்டே செய்யலாம், அவ்ளோ தான்.

பிடிஎஃப்ல இருந்தே காப்பி பண்ணிக்கலாமேன்னு கேப்பீங்க. பண்ணலாம், வேற வழியே இல்லாதப்ப. பக்கத் தலைப்பும் பக்க எண்ணும் ஒவ்வொரு பக்கத்துலயும் பாராவுக்கு நடுவுல வந்து மாட்டும், ஒவ்வொரு வரி முடியற இடத்துலயும் ஒரு என்டர் வரும், ரெண்டு காலம் இருந்தா சில சமயம் வரிக்கு வரி கலந்துடும். ஃபான்ட் எம்பெட் ஆன விதத்தைப் பொறுத்து எழுத்தே வேற ஏதோவா வரும். ஒரிஜினல் ஃபைல் ஒண்ணு எங்கயாவது கிடைக்குமான்னு இன்னொரு தடவை தேடறது லாபம்.

எக்ஸ்போர்ட் பண்ணும்போது எழுத்து மட்டும் வர்ற பிளெயின் டெக்ஸ்ட்டா, ஃபான்ட் விவரமும் கூட வர்ற ஆர்டிஎஃப்பா? இங்க தான் ஃபான்ட் கதை வருது, இந்த வேலைல பாதி வலி இது தான்.

யூனிகோடுக்கு முன்னாடி அடிச்ச தமிழ் எல்லாம் உள்ள பாத்தா தமிழே இல்ல. பாமினிங்கற பழைய ஃபான்ட்ல "தமிழ்"னு அடிச்சது ஃபைலுக்குள்ள ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன். ஃபான்ட் தான் அதுக்கு மேல தமிழ் முகம் போட்டுக் காட்டுது. இந்த மாதிரி முறைகள் நிறைய, பாமினி ஒண்ணு, டிஸ்கி ஒண்ணு, சென்னைல 1999ல நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் ரெண்டு, இது போக ஒவ்வொரு ஃபான்ட் கம்பெனியும் தனக்குன்னு வெச்சிருந்த முறை. இதுல டிஸ்கியும் டாபும் இங்கிலீஷ் எழுத்துக்களை அதது இடத்துல விட்டுட்டு மேல இருக்கற இடத்துல தமிழை வெச்சது, அதனால ஒரு பாராவுல இங்கிலீஷும் தமிழும் கலந்து இருந்தாலும் பிளெயின் டெக்ஸ்டா எடுத்து மாத்திக்கலாம், ஒண்ணும் கெடாது. பாமினியும் டாமும் அப்படி இல்ல, இங்கிலீஷ் எழுத்தோட இடத்துலயே தமிழ் உட்கார்ந்திருக்கு. பிளெயின் டெக்ஸ்டா எடுத்தீங்கன்னா எது இங்கிலீஷ் ஃபான்ட்ல இருந்தது எது தமிழ் ஃபான்ட்ல இருந்ததுங்கற விவரம் போயிடும், கன்வர்ட்டர்ல போட்டா கட்டுரைல இருந்த இங்கிலீஷ் பேரு, புத்தகத் தலைப்பு, ஈமெயில் அட்ரஸ் எல்லாம் வாய்ல நுழையாத தமிழா வந்து நிக்கும். அதனால இந்த மாதிரி ஃபைல்னா ஆர்டிஎஃப் தான், ஃபான்ட் பேரு கூடவே வரணும், ஃபான்ட் பேரைப் பாத்து அந்தத் துண்டை மட்டும் மாத்தணும். பைத்தான் தெரிஞ்சவங்க ஆர்டிஎஃப்பை வேர்ட்ல டாக்ஸ் ஃபைலா சேவ் பண்ணிட்டு பைத்தான் டாக்ஸ் லைப்ரரில துண்டு துண்டா படிச்சு மாத்தலாம், எழுத்து மாத்தற வேலைக்கு ஓபன் தமிழ் லைப்ரரி இருக்கு. தெரியாதவங்க என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணை வெச்சு கையால செய்யலாம், மெதுவா ஆகும், ஆனா ஆகும்.

ஒரு ஃபைல்ல எந்தெந்த ஃபான்ட் இருக்குன்னு பாக்க இன்டிசைன்ல டைப் மெனுல ஃபைண்ட் ஃபான்ட் (புது வெர்ஷன்ல ஃபைண்ட்/ரிப்ளேஸ் ஃபான்ட்) போதும், மொத்தப் பட்டியலும் வரும். அதைத் தான் ஷீட்ல ஃபான்ட் காலத்துல போடணும். பாத்தீங்கன்னா பாடி ஒரு முறைல இருக்கும், தலைப்பு அழகா இருக்கணும்னு வேற கம்பெனி ஃபான்ட்ல இருக்கும், அது வேற முறை. இப்ப மெர்ஜ் விஷயத்துக்கு வாங்க: இந்த ஃபைலையும், அடுத்த வருஷம் யூனிகோடுக்கு மாறினப்புறம் அடிச்ச ஃபைலையும் ஒண்ணா சேர்த்துட்டு மொத்தத்துக்கும் பாமினி கன்வர்ஷன் போட்டா என்ன ஆகும்? பாமினி பகுதி சரியா வரும். தலைப்பு குப்பை. ஏற்கனவே யூனிகோடா இருந்த பகுதி தப்பிச்சிடுச்சுன்னு நெனப்பீங்க, தப்பிக்காது, பாமினில செமிகோலன் தான் புள்ளி, அதனால யூனிகோட் பாராவுல இருந்த ஒவ்வொரு செமிகோலனும் ஒரு அநாதைப் புள்ளியா மாறி அந்தரத்துல தொங்கும். மெர்ஜ் பண்ணாம இருந்திருந்தா ஷீட்ல யூனிகோட்னு போட்ட ஃபைலைக் கன்வர்ட்டர்கிட்டயே அனுப்பியிருக்க மாட்டோம்.

கன்வர்ட் ஆனப்புறம் பாக்க வேண்டியது, எல்லா கன்வர்ட்டர்லயும் ஏறக்குறைய ஒரே இடம் தான் சறுக்கும். பழைய முறைல கொம்பும் சங்கிலிக் கொம்பும் எழுத்துக்கு முன்னாடி அடிப்பாங்க, யூனிகோட்ல அது எழுத்துக்குப் பின்னாடி வரணும், கன்வர்ட்டர் இடம் மாத்தி வைக்கும். வரி உடைஞ்ச இடத்துல கொம்பு மேல் வரிலயும் எழுத்து கீழ் வரிலயும் மாட்டிக்கிட்டா மாத்த முடியாம விட்டுடும். இன்னொண்ணு ஔகாரம். பழைய ஃபான்ட்ல ஔகாரக் குறியோட பின் பாதிக்கும் ள-வுக்கும் ஒரே கீ தான், அதனால கௌரவம்ங்கறது "கெளரவம்"னும் மௌனம் "மெளனம்"னும் ள-வோட வரும், பாக்கறதுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனா தேடினா கிடைக்காது. உடனே ஒற்றைக் கொம்புக்குப் பின்னாடி ள வந்தா எல்லாத்தையும் ஔகாரமா மாத்துன்னு ஒரு ரிப்ளேஸ் ஆல் போடத் தோணும். போட்டா வெள்ளம், வெளி, வெள்ளை எல்லாம் நாசம். ள-வுக்கு அடுத்து புள்ளியோ வேற உயிர்க்குறியோ இல்லாத இடத்துல மட்டும் மாத்துன்னு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (தேடறதுக்கான விதி) போட்டா தொண்ணூறு சதவீதம் சரியா வரும், மீதி எங்க உதைக்கும்னா கதைல பேச்சு வர்ற இடத்துல, "கெளம்புடா நேரமாச்சு"ன்னு ஒரு ஆள் சொல்லியிருப்பான், அதைக் "கௌம்புடா"ன்னு ஆக்கி வெச்சிடும். அதனால இந்த ஒரு மாத்தத்தை மட்டும் ஒவ்வொண்ணா பாத்து ஓகே குடுங்க. ஔவைக்கும் இதே கதி தான், ஒ-வும் ள-வுமா பிரிஞ்சு நிப்பாங்க.

சரி, எல்லா ஃபைலும் யூனிகோட், எல்லாத்துக்கும் நம்பர், ஷீட்ல பச்சை. இப்ப மெர்ஜ்.

ஒவ்வொரு ஃபைலோட முதல் வரிலயும் ஒரு அடையாள வரி போடணும், டெக்ஸ்ட்ல எங்கயுமே வராத மாதிரி, மூணு அட் குறி, அப்புறம் அந்த நம்பர். @@@ 2009-03-040ன்னு. இது இருந்தா சேர்த்த ஃபைலை எப்ப வேணா திரும்பப் பிரிச்சுக்கலாம், இம்போர்ட் ஸ்கிரிப்டும் இதை வெச்சு தான் ஒரு பதிவு எங்க முடிஞ்சு அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுக்கும். இந்த அடையாளத்தை கன்வர்ஷனுக்கு முன்னாடியே போட்டுடாதீங்க, கன்வர்ட்டர் அதையும் ஒரு எழுத்துன்னு நெனச்சு கை வெச்சாலும் வெக்கும்.

விண்டோஸ் கமாண்ட்ல காப்பி கமாண்டை வெச்சு சேர்க்கறவங்க ஸ்லாஷ் பி போட மறக்காதீங்க, போடலேன்னா ஃபைல் முடிவுல பழைய டாஸ் காலத்து முடிவுக்குறி ஒண்ணை ஒட்டிடும், எக்ஸ்எம்எல் படிக்கற புரோகிராம் அதைப் பாத்தா படிக்கவே மாட்டேன்னு நின்னுடும். நோட்பேட்ல சேவ் பண்ண ஃபைல்ல ஆரம்பத்துல பிஓஎம்னு கண்ணுக்குத் தெரியாத மூணு பைட் இருக்கலாம், தனி ஃபைல்ல அது தொந்தரவே இல்ல, ஆனா சேர்க்கும்போது அது ஒவ்வொரு ஃபைல் சேர்ற இடத்துலயும் நடுவுல மாட்டிக்கும், அப்ப "வரி ஆரம்பத்துல மூணு அட் குறி"ன்னு தேடற ஸ்கிரிப்டுக்கு அது வரி ஆரம்பமாவே தெரியாது. கடைசி வரில என்டர் இல்லாத ஃபைல் இருந்தா அதோட கடைசி வாக்கியமும் அடுத்ததோட அடையாள வரியும் ஒட்டிக்கும். சேர்த்து வர்ற ஃபைலை அதே ஃபோல்டர்லயே எழுதாதீங்க, அடுத்த தடவை ஓட்டும்போது அதையும் ஒரு அத்தியாயம்னு சேர்த்துக்கும்.

எச்டிஎம்எல்லா (வெப் பக்க ஃபார்மட்) எக்ஸ்போர்ட் பண்ணி சேர்க்கறவங்களுக்கு வேற தலைவலி. இன்டிசைன்ல ஸ்டைல் போடாம கையால போல்ட், இட்டாலிக், சைஸ் மாத்தினதுக்கெல்லாம் எக்ஸ்போர்ட் ஆகும்போது கேர் ஓவர்ரைட் 1, கேர் ஓவர்ரைட் 2ன்னு அதுவா கிளாஸ் பேரு வைக்கும். அந்த நம்பர் அந்த ஃபைலுக்கு மட்டும் தான் அர்த்தம் உள்ளது. ஒரு அத்தியாயத்துல 1 இட்டாலிக், இன்னொண்ணுல அதே 1 போல்ட். ரெண்டையும் சேர்த்து ஒரு சிஎஸ்எஸ் (எந்த கிளாஸ் எப்படித் தெரியணும்னு சொல்ற ஃபைல்) போட்டா பாதிப் புத்தகம் தப்பா அழுத்தம் குடுத்துப் பேசும். எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடியே இன்டிசைன்ல பாரா ஸ்டைல், கேரக்டர் ஸ்டைல் ஒழுங்கா போட்டு, எடிட் ஆல் எக்ஸ்போர்ட் டேக்ஸ்ல போய் எந்த ஸ்டைல் எந்த டேக்னு சொல்லிட்டா இது வராது, ஆனா அச்சுக்காக அவசரத்துல முடிச்ச ஃபைல்ல யார் ஸ்டைல் போட்டு வெச்சிருக்கப் போறாங்க. வேர்ட்ல இருந்து வெப் பேஜா சேவ் பண்ணாலும் இதே மாதிரி தான், படங்கள் எல்லாம் இமேஜ் 001, இமேஜ் 002ன்னு வரும், ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு 001 இருக்கும், எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டா கடைசியா வந்த 001 மட்டும் மிஞ்சும். படத்துக்கும் கட்டுரை நம்பரையே முன்னாடி போட்டுடுங்க, 2009-03-040-01ன்னு. அடிக்குறிப்பும் அப்படித் தான், ஒவ்வொரு ஃபைல்லயும் 1ல இருந்து ஆரம்பிக்கும், சேர்த்தப்புறம் எந்த 1ஐ அழுத்தினாலும் முதல் அத்தியாயத்தோட அடிக்குறிப்புக்கே போகும். மார்க்டவுன் ஃபைல்களை ஃபார்மட் மாத்தற பாண்டாக் சாஃப்ட்வேர்ல சேர்க்கறவங்களுக்கு ஃபைல் ஸ்கோப்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது ஒவ்வொரு ஃபைலையும் தனியா படிச்சு தான் சேர்க்கும், குறிப்புகள் மோதாது.

சேர்த்ததும் வார்த்தைக் கணக்கு பாருங்க. ஷீட்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் போட்ட எண்ணிக்கையோட கூட்டலும், அடையாள வரிகளைக் கழிச்சுட்டு மொத்த ஃபைலோட எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கணும். அட் குறி வரிகளை எண்ணினா ஷீட்ல இருக்கற வரி எண்ணிக்கை வரணும். ரெண்டும் சரியா இருந்தா ஏதும் விட்டுப்போகலேன்னு நம்பலாம்.

இம்போர்ட் பக்கம் வேர்ட்பிரஸ் தான் நிறைய பேரு, அதனால அதைப் பத்தி மட்டும். வேர்ட்பிரஸ் ஓடறதுக்கு அடியில இருக்கற பிஹெச்பியோட டிஃபால்ட் அப்லோட் அளவு 2 எம்பி தான், ஹோஸ்டிங்ல கூட்டி வெச்சிருக்காங்களான்னு பாத்துக்கோங்க, இல்லேன்னா வருஷத்துக்கு ஒண்ணா ஃபைலை உடைச்சுக்கோங்க, மொத்தத்தையும் ஒரே ஃபைலா ஏத்தறதுல ஒரு பெருமையும் இல்ல. ஸ்லக்கை, அதாவது பதிவோட அட்ரஸ்ல வர்ற பேரை, நீங்களே குடுத்துடுங்க. குடுக்கலேன்னா தமிழ்த் தலைப்புல இருந்து அதுவா எடுத்துக்கும், அதுக்கு 200 எழுத்து எல்லை, ஒரு தமிழ்க் குறியீடு அட்ரஸ்ல ஒன்பது எழுத்தா நீளும், ஆக 22 குறியீட்டோட வெட்டிடும். "நாட்டுப்புறக் கதைகள் பகுதி ஒன்று", "பகுதி இரண்டு"ன்னு தொடர் இருந்தா பகுதிங்கற வார்த்தை முடியறதுக்குள்ளயே அட்ரஸ் நின்னுடும், எல்லாத்துக்கும் ஒரே அட்ரஸ், பின்னாடி 2, 3ன்னு அதுவா ஒட்டிக்கும், அந்த 2ம் நம்ம இரண்டாம் பகுதியும் ஒண்ணாங்கறது இம்போர்ட் ஆன வரிசையைப் பொறுத்தது.

இதை விட முக்கியமான ஒண்ணு. வேர்ட்பிரஸ் இம்போர்ட்டர் ஒரு பதிவு ஏற்கனவே இருக்கான்னு பாக்கறது தலைப்பையும் தேதியையும் (நேரமும் சேர்த்து) வெச்சு. ரெண்டும் ஒண்ணா இருந்தா "இது இருக்கு"ன்னு சொல்லிட்டுத் தாண்டிப் போயிடும். இதுல ரெண்டு விளைவு. டெக்ஸ்ட்ல திருத்தம் பண்ணி மறுபடி இம்போர்ட் பண்ணா திருத்தம் உள்ள போகாது, பழசு பழசாவே இருக்கும், அதை அழிச்சுட்டு தான் ஏத்தணும். இன்னொண்ணு, ஒரே இதழ்ல "கவிதை"ன்னு தலைப்பு போட்டு மூணு பேரோட கவிதை வந்திருந்தா, மூணுக்கும் இதழ் தேதியும் ஒண்ணுன்னா, முதல் கவிதை மட்டும் தான் ஏறும். மத்த ரெண்டு கவிஞர்களும் வெப்சைட்ல இல்லாமலே போயிடுவாங்க, ஓடும்போது வர்ற செய்திகளை வரி வரியா யாரு படிக்கறா.

இதுக்கு நான் பண்றது, இதழ் தேதி எல்லாத்துக்கும் ஒண்ணா இருந்தாலும் நேரத்தை மட்டும் அந்த நம்பர்ல இருந்து எடுத்துக்குவேன். 010ன்னா நள்ளிரவு தாண்டி பத்தாவது நிமிஷம், 040ன்னா நாப்பதாவது நிமிஷம், 120ன்னா ரெண்டு மணி. தேதியும் நேரமும் சேர்த்துப் பாத்தா வேற வேற ஆயிடறதால இம்போர்ட்டர் எதையும் தாண்டாது, கூடவே இதழ்ல இருந்த வரிசையும் தளத்துல அப்படியே நிக்கும். ஒண்ணே ஒண்ணு, வேர்ட்பிரஸ் புதுசை மேல காட்டும், அதனால இதழோட கடைசிப் பக்கம் தான் முதல்ல தெரியும், அந்த இதழுக்கான கேட்டகரி பக்கத்துல மட்டும் வரிசையை ஏறுமுகமா மாத்தி வெச்சுடுங்க.